பால் ஒத்துக்கொள்ளவில்லை, மோரையும் விட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 47. காலையில் காபி குடித்த சற்று நேரத்தில் வயிறு உப்பி இரைகிறது. பாலை நிறுத்திப் பார்க்கச் சொன்னார் டாக்டர். "மோர் இல்லாமல் சாப்பாடு எப்படி இறங்கும்?" என்கிறார் மாமியார். எனக்கோ எலும்பு தேய்ந்துவிடுமோ என்று பயம். தயிர், நெய் எல்லாவற்றையும் விட வேண்டுமா? பதிலுக்கு என்ன சமைப்பது?
– வாசகி, பாலக்கரை, திருச்சி.

பதில்: உங்கள் மாமியார் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி, வயது ஏற ஏறப் பலருக்குக் குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலில் புளிப்பதால்தான் உப்புசம். தயிராக உறையும்போதே லாக்டோஸில் ஒரு பகுதி குறைகிறது; நீர்மோரில் இன்னும் குறைவு. நெய் பெரும்பாலும் கொழுப்புதான். எனவே இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வயிறு அடங்கினால் முதலில் நெய், பிறகு மோர் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஸ்ரீரங்கத்து அக்காரவடிசல் கடைசியில். அதில் பாலை வற்ற வற்றக் காய்ச்சுகிறார்களே!

பால் பட்டதும் தோல் தடிப்பது, உதடு வீங்குவது, மூச்சு இரைப்பது வேறு கதை. அது பால் புரதத்துக்கான ஒவ்வாமை. அப்படியென்றால் நெய் உட்பட எதையும் வீட்டில் சோதித்துப் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள்.

எலும்புக்கு வருவோம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 மி.லி. பசும்பாலில் சுமார் 120. 100 கிராம் கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் 300-க்கு மேல். காந்தி மார்க்கெட் பக்கம் போனால் முருங்கையும் அகத்தியும் வாங்குங்கள். பசலைக்கீரையிலும் கால்சியம் உண்டு, ஆனால் அதிலுள்ள ஆக்ஸலேட் அதை உடம்பில் சேரவிடாது. இட்லிக்கு எள்ளுப்பொடி. தேங்காய்ப்பால் ஆப்பத்துக்கு அருமை, ஆனால் கால்சியத்துக்கு அதை நம்பாதீர்கள். விலை கொடுத்து வாங்கும் பாதாம் பாலும், கால்சியம் சேர்க்காததென்றால், வீண் செலவு என்பேன்.

மோரும் ஒத்துக்கொள்ளவில்லையா? வேர்க்கடலைத் தயிர் செய்து பாருங்கள். கடலையை இரவு ஊறவைத்துத் தோல் நீக்கி, கெட்டியாக அரைத்து வடிகட்டுங்கள். அடிப்பிடிக்காமல் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் நாலைந்து பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டு மூடிவையுங்கள். உறைந்ததும் காம்பை எடுத்துவிட்டு இஞ்சி, கறிவேப்பிலை, கடுகு தாளித்துச் சோற்றில் பிசையுங்கள். கடலை வாசம் முதலில் தெரியும், தாளிப்பில் அடங்கிவிடும். காபிக்கு மட்டும் என்னிடம் நல்ல மாற்று இல்லை. கருப்பட்டி போட்ட சுக்குமல்லிக் காபிக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

பிஸ்கட், பிரெட் பாக்கெட்டில் 'பால் பொடி', 'வே' என்று இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் முட்டை, மீன், இறைச்சி சாப்பிடாதவர் என்றால், பாலோடு தயிர், மோரையும் விட்டபின் பி12 கிடைக்க வழக்கமான உணவில் அநேகமாக வழியே இல்லை. கீரை அதைத் தராது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் அவர் சொல்லும் மாத்திரையை நிறுத்தாமல் போடுங்கள்.