மாடியில் ஒரு மொழி, அடுக்களையில் ஒரு மொழி

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்குள்ள பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பேசி வளர்கின்றனர். பாட்டி கூறிய செய்தியைப் பக்கத்து வீட்டு அஜ்ஜிக்குக் கன்னடத்தில் சொல்வதும், அதனையே வகுப்புத் தோழனுக்கு ஆங்கிலத்தில் சொல்வதும் அவர்களுக்கு இயல்பு. தாம் செய்வது மொழிபெயர்ப்பு என்று அவர்கள் எண்ணுவதில்லை. இத்தகைய வீடொன்றில் வளர்ந்த ஒருவரே பிற்காலத்தில் சங்கப் பாடல்களை ஆங்கிலம் பயிலும் உலகிற்குக் கொண்டு சென்றார். அவர் ஏ. கே. இராமானுஜன்.

இராமானுஜன் 1929ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தை கிருஷ்ணசாமி கணிதப் பேராசிரியர். சோதிடமும் வானியலும் அறிந்தவர். அவ்வீட்டில் ஒவ்வொரு மொழிக்கும் ஓர் இடம் இருந்தது. மாடியில் தந்தையின் படிப்பறை. அங்கே ஆங்கில நூல்களும் வடமொழி நூல்களும் நிறைந்திருந்தன. தந்தையோடு பேசும் மொழி ஆங்கிலம். கீழே தாயோடும் பிற பெண்களோடும் பேசும் மொழி தமிழ். வாசலைத் தாண்டினால் கன்னடம். இரவில் மொட்டை மாடியில் தந்தை விண்மீன்களைச் சுட்டி ஆங்கிலத்திலும் வடமொழியிலும் பெயர் சொல்வார். பிள்ளைகள் படியேறும்போதும் இறங்கும்போதும் மொழியும் மாறியது.

மாலையில் அடுக்களையில் சோறு ஊட்டும் பெண்கள் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்கள். அந்தக் கதைகளை அன்று எவரும் இலக்கியம் என்று கருதவில்லை. பிற்காலத்தில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த அறிஞராக இராமானுஜன் விளங்கியதற்கு அந்த அடுக்களையே முதற் பள்ளி.

ஆனால் அவர் பள்ளியில் முறையாகக் கற்றவை கன்னடமும் ஆங்கிலமுமே. தமிழ் அவருக்கு வீட்டில் பேசும் மொழியாக மட்டும் இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய பாடல்கள் அம்மொழியில் உள்ளன என்பதை அவர் நெருங்கி உணர்ந்தது தம் 33ஆம் வயதில், அதுவும் அமெரிக்காவில்.

1962ஆம் ஆண்டு, சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடி அவர் அடித்தளத்திற்குச் சென்றார். பட்டியலில் சேர்க்கப்படாத நூல்கள் அங்கே இருந்தன. அவற்றுள் ஒன்று, உ. வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை. அலமாரிகளுக்கு இடையே தரையில் அமர்ந்து அவர் அதனைப் புரட்டினார். ஐயர் எழுதியிருந்த உரை அவருக்குத் தெளிவாக விளங்கிற்று. அந்த உரையே பாடல்களைத் திறந்து காட்டிற்று. மாடிப் படிப்பறையின் மொழிகள் அந்த இடத்தில் அவருக்கு உதவவில்லை. தாயிடம் கேட்ட தமிழே உதவிற்று.

அப்பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து 1967இல் நூலாக வெளியிட்டார். அந்த வேலை எளிதன்று. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ‘நேற்று மழையில் நனைந்த புறா’ என்று தமிழில் கூறுகிறோம். கன்னடத்தில் அது ‘நின்னெ மளெயல்லி நெனெத பாரிவாள’ என அமையும். சொற்களின் வரிசை மாறவே இல்லை. ஆங்கிலத்திலோ புறா முதலில் வந்துவிடும். நனைந்தது பின்னும், மழை அதற்குப் பின்னும், நேற்று கடைசியிலும் வரும். சங்கப் புலவர் ஒருவர் பல அடிகளுக்கு நம்மைக் காத்திருக்கச் செய்து இறுதியில் காட்டும் பொருளை ஆங்கிலம் முதற்சொல்லிலேயே உடைத்துவிடும். ஆகவே இராமானுஜன் வரிகளைச் சிறு துண்டுகளாக்கி, படிப்படியாக உள்தள்ளி அமைத்தார். படிப்பவரின் கண் பொருளை மெல்ல மெல்ல அடையும்.

உறவுச் சொற்கள் இதனினும் கடினமானவை. பழந்தமிழில் என் தாய் ‘யாய்’. உன் தாய் ‘ஞாய்’. அவள் தாய் ‘தாய்’. அவ்வாறே எந்தை, நுந்தை, தந்தை. யாருடைய தாய் என்பது சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள் வேண்டும். பெரியப்பா, சித்தப்பா, மாமா ஆகிய மூவரையும் ஆங்கிலம் ‘அங்கிள்’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறது. கன்னடமோ தொட்டப்ப, சிக்கப்ப, மாவ என்று பிரித்தே அழைக்கிறது. மலர்ப் பெயர்களும் இப்படியே. குறிஞ்சி என்றால் நமக்கு மலரோடு மலையும், அங்கு நிகழும் காதலும் நினைவிற்கு வரும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி கர்நாடகத்தின் சிக்கமகளூரு மலைகளிலும் பூக்கிறது. அதன் பெயரை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் அந்நினைவுகள் உடன் செல்வதில்லை. அதனால் தம் நூலின் இறுதியில் திணைகளை விளக்கி இராமானுஜன் விரிவான கட்டுரை எழுதினார். அக்கட்டுரையின்றி அந்நூலைப் படிப்பது பாதி படிப்பதாகும்.

தமிழோடு அவர் நிற்கவில்லை. பசவண்ணர், அக்கமகாதேவி முதலியோரின் கன்னட வசனங்களை 1973இலும், நம்மாழ்வார் பாசுரங்களை 1981இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். வசனங்களின் மொழிபெயர்ப்பு இக்கால ஆங்கிலக் கவிதை போல ஒலிக்கிறது என்று குறை கூறிய அறிஞரும் உண்டு. அது புறக்கணிக்கத்தக்க குறை அன்று. தாமே கவிதை எழுதியபோது அவர் ஆங்கிலத்தையும் கன்னடத்தையும் கையாண்டார். 1969இல் வெளிவந்த அவருடைய கன்னடக் கவிதைத் தொகுப்பின் பெயர் ‘ஹொக்குளல்லி ஹூவில்ல’. கொப்பூழில் பூ இல்லை என்பது அதன் பொருள்.

1993ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் இராமானுஜன் சிகாகோவில் மறைந்தார். அவர் எழுதியவற்றைப் பேணும் பணியைக் குடும்பத்தார் ஏற்றனர். ஆங்கிலத்தில் புதினம் எழுதிய துணைவியார் மாலி டேனியல்ஸ் அவருடைய படைப்புகளைப் பதிப்பித்தார். மகன் கிருஷ்ணா, தந்தையின் நாட்குறிப்புகளை மற்றோர் ஆய்வாளருடன் இணைந்து 2019இல் நூலாக்கினார்.

பயிற்சி

1. இராமானுஜன் வீட்டில் எந்தெந்த இடத்தில் எந்தெந்த மொழி பேசப்பட்டது?

2. குறுந்தொகையின் உரை அவருக்கு எளிதில் விளங்கியது ஏன்? உங்கள் சொற்களில் எழுதுக.

3. ‘பாட்டி சுட்ட சூடான தோசை’ என்பதைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லிப் பார்க்க. சொல் வரிசை எம்மொழியில் மாறுகிறது?

4. வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒரு தாலாட்டோ விடுகதையோ கேட்டு எழுதுக. அவருடன் அமர்ந்து அதனைக் கன்னடத்தில் பெயர்க்க. எந்தச் சொல்லுக்கு ஈடான சொல் கிடைக்கவில்லையோ, அதனை அடிக்கோடிட்டு வகுப்பிற்குக் கொண்டு வருக.