எண்ணும் சந்தர்ப்பமும்

கத்தாரிலிருந்து மகன் அனுப்பிய கைக்கடிகாரம் நாடித்துடிப்பையும் காலடிகளையும் நித்திரையையும் கணக்கிட்டுத் தரத் தொடங்கியபின், சுபஹுத் தொழுகை முடிந்து ஒலுவில் துறைமுகக் கரையில் நடக்கும் வழக்கமுடைய எனக்குச் சரீரத்தைப் பற்றிய அறிவும் சஞ்சலமும் ஒருங்கே வளர்ந்தன. அவ்வனுபவத்தில் நான் தெளிந்தது இது: எண்ணைத் தருவது கருவியின் வேலை, அது எந்தச் சந்தர்ப்பத்தில் பிறந்தது என்பதைச் சேர்த்துப் பார்ப்பது நம்முடைய கடமை.

2013இல் திறக்கப்பட்ட இத்துறைமுகத்தின் வாயை அடைத்துத் தொல்லை தரும் கடல்மணல் கரையிலும் குவிந்து கிடக்க, அதில் கால் புதைய நடப்பதற்குக் கடினமான தரையில் அதே வேகத்தில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான சக்தி வேண்டியிருப்பதால், அடிகள் குறைந்தும் துடிப்பு மிகுந்தும் காட்டுவது இயற்கையே. நாளொன்றுக்கு 10,000 அடி என்னும் இலக்கோ, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பரவியதேயன்றி வைத்தியர்கள் விதித்ததன்று. அறுபதைக் கடந்தோர்க்கு 6,000 முதல் 8,000 அடிகளிலேயே ஆயுள் சார்ந்த பயன் பெரும்பாலும் கிட்டிவிடுகிறது என்று 2022இல் வெளியான ஆய்வு தெரிவித்ததை அறிந்தபின், மிச்ச அடிகளை நிரப்ப இரவில் முற்றத்தில் உலாவும் பதற்றம் என்னைவிட்டு அகன்றது.

கருவி பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, இரத்த ஓட்டத்திற்கேற்ப அது மீளும் அளவைக்கொண்டே துடிப்பைக் கணிப்பதால், வார் தளர்ந்தாலும் கை அசைந்தாலும் கணக்குப் பிசகும். ஆகவே திடீரென உயர்ந்த எண்ணைக் கண்டால், ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, வாரைச் சற்றே இறுக்கி, மணிக்கட்டில் விரல் வைத்து நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நோன்பு மாதத்தில் தராவீஹ் தொழுகையும் சஹர் உணவும் நித்திரையைத் துண்டாடுவதால் கருவி குறைந்த மதிப்பெண்ணே இடும். அம்மதிப்பெண்ணைப் பற்றிய கவலையே நித்திரைக்கு இடையூறாவதை 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விவரித்து, அதற்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயருமிட்டனர்; அம்மாதத்து இரவுகளில் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுதல் எனக்குப் பெரும் ஆறுதலாயிற்று.

சீனி வருத்தமுள்ளோர் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தோலில் ஊசி படாமலே இரத்தச் சீனியை அளப்பதாகக் கூறும் கடிகாரங்களை நம்பவேண்டாமென்று 2024 பெப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அவ்வெண்ணைக்கொண்டு குளிசையையோ இன்சுலினையோ கூட்டுவதும் குறைப்பதும் உயிராபத்தாகும்.

ஓய்வுத்துடிப்பு வாரக்கணக்கில் உயர்ந்தே நின்றாலும், துடிப்பு ஒழுங்கின்றி இருப்பதாகக் கருவி மீண்டும் மீண்டும் அறிவித்தாலும், அக்குறிப்புகளோடு வைத்தியரை நாடுங்கள்; ஆனால் நெஞ்சுநோவோ மூச்சுத்திணறலோ கண்டால், கடிகாரம் யாதொரு குறையும் காட்டாவிடினும், தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.