தேவாலயத்தில் முதல் கச்சேரி

கேள்வி: ஆல்டர்நேட்டிவ் ராக் குழுக்களைப் பெரிய கம்பெனிகள்தான் கண்டெடுக்கின்றனவா? (வாசகர், மதுரை)

பதில்: பெரும்பாலும் கம்பெனி கடைசியில்தான் வருகிறது. ஆர்.இ.எம். குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்றொரு பல்கலைக்கழக ஊர். அங்கே இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர் பீட்டர் பக். தட்டு வாங்க வந்தவர் மைக்கேல் ஸ்டைப். இருவருக்கும் ஒரே ரசனை, நட்பு ஒட்டிக்கொண்டது. இன்னும் இரண்டு மாணவர்கள் சேர, 1980 ஏப்ரல் 5 அன்று, வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தில், தோழி ஒருவரின் பிறந்தநாள் விருந்தில் முதல் கச்சேரி. ஆர்.இ.எம். என்ற பெயர்கூட அதற்குப் பிறகு வைத்ததுதான்!

அப்புறம் வேனில் ஊர் ஊராகச் சின்னச் சின்ன கிளப்புகள். 1981இல் ஹிப்-டோன் என்ற குட்டி நிறுவனம் முதல் சிங்கிளை வெளியிட்டது. அதைத் தூக்கிச் சுமந்தவை மாணவர்களே நடத்திய கல்லூரி வானொலிகள். இந்தக் கதையில் என்னை மிகவும் நெகிழவைப்பது அந்த முகம் தெரியாத மாணவர்கள்தான். பெரிய கம்பெனியான வார்னர் பிரதர்ஸ் ஒப்பந்தத்தோடு வந்தது 1988இல்.

தனியாகப் பாடுபவர்களுக்குத் தெருவே மேடை. டிரேசி சாப்மன், பாஸ்டன் பக்கத்திலுள்ள ஹார்வர்ட் சதுக்கத்தில் கிட்டாரோடு நின்று பாடியவர்.