உயர்கல்விக்குப் பொருளுதவி: தேடுதலும் விண்ணப்பித்தலும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் நம் இல்லங்களில் எழும் முதல் வினா, மதிப்பெண் எவ்வளவு என்பது. அடுத்த வினா, எந்தக் கல்லூரி என்பது. பணத்திற்கு வழி என்ன என்னும் வினா மூன்றாவதாகவே எழுகின்றது. அஃது எழும்பொழுது கட்டணம் செலுத்தும் கடைசி நாளும் வாயிற்படியில் வந்து நிற்கின்றது. அந்தப் பத்துப் பதினைந்து நாள்களில் நகை அடகுக்குச் செல்கின்றது. அல்லது நிலத்தின் பேரில் வட்டிக்கு வாங்கப்படுகின்றது. இரண்டிற்கும் வழியில்லாத வீட்டில், அண்ணன் வெளியூரில் படித்துக்கொண்டிருக்க, தங்கையிடம் "உனக்குப் பக்கத்து ஊர்க் கல்லூரியே போதும், அம்மா" என்று சொல்லப்படுகின்றது. அவள் பெற்ற மதிப்பெண்ணோ அண்ணனுடையதை விட மிகுதியாக இருக்கும். ஆசிரியப் பணியில் இருந்த ஆண்டுகளில் இத்தகைய பெண்கள் பலரை நாம் கண்டிருக்கிறோம். பலருக்கு உதவி இல்லாமற் போகவில்லை. அதனைக் கேட்பதற்குரிய தாள்கள் உரிய நாளில் கையில் இல்லாமற் போயின.

ஆதலின் பொருளுதவி தேடும் வேலையைத் தேர்வு முடிவிற்குப் பின் தொடங்குதல் தகாது. பதினோராம் வகுப்பு முடியும் கோடை விடுமுறையே அதற்கு ஏற்ற காலம்.

ஆசிரியப் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதும்போது, புதிய பாடத்திற்கு முன் மாணவரின் முன்னறிவைச் சோதிக்க வேண்டும் என்று கற்பிப்பர். அம்முறையில் மூன்று சொற்களை முதலில் பிரித்தறிவோம். உதவித்தொகை என்பது மாணவர் கணக்கிற்கு வருவது. திருப்பித் தர வேண்டுவதன்று. கட்டணச் சலுகை என்பது நாம் செலுத்த வேண்டியதை அரசே ஏற்பது. பணம் நம் கைக்கு வராது. கல்விக் கடன் என்பது வட்டியுடன் திருப்பித் தர வேண்டுவது. "வங்கியில் ஸ்காலர்ஷிப் வாங்கினோம்" என்று கூறும் பெற்றோரை இன்றும் காண்கிறோம். வங்கி தருவது கடனே என்பதனைப் பிள்ளைகளும் அறிந்திருத்தல் வேண்டும். அதனை அடைக்கப் போகின்றவர்கள் அவர்களே அல்லவா?

இனி, ஒரு தாளில் செலவைக் கோடிட்டு எழுதுக. படிப்புக் கட்டணம் ஒரு வரி மட்டுமே. விடுதி, உணவு, பேருந்து, நூல்கள், தேர்வுக் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதுதல் வேண்டும். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் படிப்புக் கட்டணம் மிகக் குறைவு. அங்குச் செலவெல்லாம் தங்குவதிலும் பயணத்திலுமே ஆகின்றது. இரவு உணவு கொள்ளாமை, கிழங்கு வகை நீக்குதல் முதலிய ஒழுக்கங்களைக் காக்கும் நம் பிள்ளைகளுக்கு விடுதி உணவு ஒத்துவராமல், வெளியில் அறை எடுத்துச் சமைக்க நேர்வதும் உண்டு. இச்செலவைக் கட்டணச் சலுகை ஏற்பதில்லை. ஆனால் வெளியில் தங்கி உண்ணும் நியாயமான செலவைக் கல்விக் கடனில் சேர்த்துக் கேட்க இடமுண்டு. பலர் இதனைக் கேட்பதே இல்லை.

உதவிகளுள் நம் குடும்பங்களுக்கு மிகவும் பொருந்துவனவற்றைக் காண்போம்.

தமிழ்நாட்டில் 2010-11 முதல், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பிற்குச் செல்லும் மாணவர், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே தொழிற்கல்வியில் சேரின், அவர்தம் படிப்புக் கட்டணத்தில் அரசு சலுகை வழங்கி வந்துள்ளது. இதற்கு முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டும். பெற்றோர், இருவழிப் பாட்டன் பாட்டியர், உடன்பிறந்தோர் ஆகியோருள் எவரும் பட்டதாரியாக இருத்தல் கூடாது. இங்கு நம்மவர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. நம் சமுதாயத்தில் ஆசிரியப் பணி செய்தோர் மிகுதி. "பாட்டனார் ஆசிரியர் ஆயிற்றே, நமக்குக் கிடைக்காது" என்று பலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகின்றனர். பழைய இடைநிலை ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் பட்டம் அன்று. பாட்டனார் பி.ஏ., பி.எஸ்சி. போன்ற பட்டம் பெற்றவரா என்பதே கேள்வி. பழைய பெட்டியைத் திறந்து அவருடைய சான்றிதழைப் பார்த்துவிட்டு முடிவு செய்க. கலந்தாய்வு விண்ணப்பத்துடனேயே இச்சான்றைப் பதிவேற்ற வேண்டுவதால், கல்லூரியில் சேர்ந்த பின் தேடுவதிற் பயனில்லை.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பெற்றது; 2024 டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்த பெண்களுக்கும் விரிந்தது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. மேலும், அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் முதலிய படிப்புகளில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு 2021இல் நடைமுறைக்கு வந்தபோது, அவ்வழியில் சேர்வோரின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என அறிவிக்கப்பட்டது. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்ற எண்ணும் பெற்றோர், இக்கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

நடுவண் அரசின் உதவிகளுள் முதன்மையானது, பன்னிரண்டாம் வகுப்பில் தம் தேர்வு வாரியத்தின் மேல் இருபது விழுக்காட்டினருள் வருவோர்க்கு உரியது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்திற்கு மேற்படலாகாது. இளநிலையில் முதல் மூன்றாண்டுகள் ஆண்டிற்கு 12,000 ரூபாயும், முதுநிலையில் 20,000 ரூபாயும் கிடைக்கும். இடங்களுள் பாதி பெண்களுக்கு. தொழில்நுட்பக் கல்வி பயிலும் பெண்களுக்கு இதனினும் பெரியதாகிய பிரகதி உதவித்தொகை உள்ளது: அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் ஏற்புப் பெற்ற நிறுவனத்தில் முதலாண்டு பட்டமோ பட்டயமோ சேரும் பெண்ணுக்கு ஆண்டிற்கு 50,000 ரூபாய். வருமான வரம்பு 8 லட்சம். ஒரு குடும்பத்தில் இரு பெண்கள் வரை பெறலாம். வருமானம் சற்று மிகுதி என்று ஒதுங்கிக்கொள்ளும் நம் ஆசிரியக் குடும்பங்களுள் பல இவ்வரம்பிற்குள் வருவனவே. அறிவியலை விரும்பி இளநிலை இயற்பியல், வேதியியல், கணிதம் சேரும் சிறந்த மாணவர்க்கு இன்ஸ்பயர் என்னும் உதவியும் உண்டு.

சிறுபான்மையினர்க்குரிய உதவிகளைப் பற்றி நம்மவரிடையே பெருங்குழப்பம் நிலவுகின்றது. 2014 ஜனவரியில் ஜைனர் தேசிய அளவில் ஆறாவது சிறுபான்மைச் சமுதாயமாக அறிவிக்கப்பெற்றனர். அதன்பின் ஊர்தோறும் கூட்டம் கூட்டிப் பல திட்டங்கள் எடுத்துரைக்கப்பட்டன. அவற்றுட் சில இன்று இல்லை. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கான உதவித்தொகை, மௌலானா ஆசாத் ஆய்வுதவி, வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கான வட்டி மானியம் ஆகியவை 2022இல் நிறுத்தப்பட்டன. ஆகவே பழைய துண்டறிக்கையை நம்பாது, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் அவ்வாண்டு எத்திட்டம் திறந்திருக்கின்றது என்று பார்த்த பின்னரே அலைதல் நன்று. தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் வாயிலாகக் குறைந்த வட்டியில் கல்விக் கடன் பெறும் வழியும் உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் வருமான வரம்பையும் வட்டியையும் கேட்டறியலாம்.

இப்போது தாள்களுக்கு வருவோம். விண்ணப்பங்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுவே.

முதலாவது, பெயர். மதிப்பெண் பட்டியலில் 'த. பத்மாவதி' என்றிருக்கும். ஆதாரில் 'பத்மாவதி தரணேந்திரன்' என்றிருக்கும். சென்னையில் உள்ள சிற்றப்பா திறந்து தந்த வங்கிக் கணக்கிலோ 'பத்மாவதி ஜெயின்'. நமக்கு மூவரும் ஒருவரே, கணிப்பொறிக்கு மூவர். மதிப்பெண் பட்டியலில் அச்சான பெயரை மாற்றுதல் அரிது. ஆதலின் அதனை அடிப்படையாகக் கொண்டு ஆதாரையும் வங்கிக் கணக்கையும் திருத்துக. பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை இருப்பின், பள்ளியில் பெயர்ப்பட்டியல் அனுப்பும் முன்பே ஒருமுறை சரிபார்த்தல் எளிது.

இரண்டாவது, வங்கிக் கணக்கு. அது மாணவர் பெயரில் இருத்தல் வேண்டும். ஆதாருடன் இணைந்திருத்தலும் வேண்டும். ஒருவர் நான்கு கணக்கு வைத்திருக்கலாம். ஆனால் அரசுப் பணம் ஆதாரோடு பொருத்தப்பட்ட ஒரே கணக்கிற்குத்தான் செல்லும். "பணம் வரவில்லை" என்று ஓராண்டு வருந்திய பின், மறந்துபோன பழைய கணக்கில் அது கிடந்ததைக் கண்டோரும் உளர்.

மூன்றாவது, வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோர் பார்வையிட்டபின் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வரும். ஜூன் மாதத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பதால் தாமதமாகும். இங்கு இருவகைப் பிழை நேர்கின்றது. சிலர் வரம்பிற்குள் வரவேண்டி வருமானத்தைக் குறைத்துக் கூறுவர். அணுவிரதம் ஐந்தில் வாய்மையும் ஒன்று என்பதனை நம்மவர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பின்னாளில் சரிபார்ப்பில் அகப்பட்டால் பிள்ளையின் படிப்பே இடையில் நிற்கும். வேறு சிலரோ, விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் கௌரவம் கருதிப் பழைய வருமானத்தையே கூறுவர். இதுவும் உண்மைக்கு மாறானதே! உள்ளதை உள்ளவாறு எழுதுதல் இரு திசையிலும் வேண்டும்.

தேசிய இணையதளத்தில் முதலில் ஒருமுறைப் பதிவு செய்து பதினான்கு இலக்க எண் ஒன்று பெறவேண்டும். அவ்வெண் படிப்புக் காலம் முழுமைக்கும் உரியது. விண்ணப்பம் அனுப்பியதுடன் வேலை முடிவதில்லை. கல்லூரி அலுவலகம் அதனைச் சரிபார்த்து மேலே அனுப்புதல் வேண்டும். இவ்விடத்தில்தான் விண்ணப்பங்கள் உறங்குகின்றன. அச்சிட்ட படியுடன் அலுவலகத்திற்கு நேரிற் சென்று, "ஐயா, என் விண்ணப்பம் சரிபார்க்கப்பட்டதா?" என்று கேட்கப் பெண்பிள்ளைகள் கூசுதல் கூடாது. குறையுள்ளது எனத் திருப்பி அனுப்பப்பட்டால், திருத்துவதற்குத் தரப்படும் நாள்கள் சிலவே.

கடனைக் கடைசியாக வைத்தமைக்குக் காரணம் உண்டு. மேற்கூறியவற்றால் நிறையாத தொகைக்கு மட்டுமே கடன் வாங்குதல் தகும். ஒரு கணக்குப் போடுவோம். நான்காண்டுப் படிப்பிற்கு ஆண்டிற்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம் கடன். வட்டி 10 விழுக்காடு, தனிவட்டி. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை தொடங்கும். முதலாண்டில் பெற்ற லட்சத்திற்கு ஐந்தாண்டு வட்டி 50,000, அடுத்ததற்கு 40,000, அதற்கடுத்து 30,000, இறுதி லட்சத்திற்கு 20,000. ஆக 1,40,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ஆகியிருக்கும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்திற்குள் இருந்து, தகுதியுள்ள நிறுவனத்தில் தொழிற்கல்வி பயின்றால், இந்த 1,40,000 ரூபாயை நடுவண் அரசே ஏற்கும் மானியம் உண்டு. வருமானச் சான்று ஒன்றின் மதிப்பு இவ்விடத்தில் விளங்கும்.

வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்துப் பிணையம் கேட்பதில்லை. அரசின் கடன் உத்தரவாத நிதியின் கீழ் 7.5 லட்சம் வரையிலும் அவ்வாறே. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள தரமிக்க நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேர்வோர்க்குப் பிணையமும் ஜாமீன்தாரரும் இன்றிக் கடன் தரப்படும். 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டிச் சலுகைக்கும் இத்திட்டத்தில் வழியுண்டு. எனவே கல்லூரியைத் தெரிவு செய்யுமுன் அஃது அப்பட்டியலில் உள்ளதா என்று காண்க. வங்கிக் கிளையில் "வீட்டுப் பத்திரம் கொண்டு வாருங்கள்" என்று வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால், விண்ணப்பத்தை இணையத்தின் வழி அளித்து, மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் முறையிடவும் இடமுண்டு.

உதவித்தொகை கிடைத்தபின் அடுத்த ஆண்டு தானாக வரும் என்று இருத்தல் ஆகாது. நாம் முதலிற் குறித்த 12,000 ரூபாய் உதவிக்கு, 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் இருந்தால், ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும்.

நம் ஊர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி அலுவலர்களும் பலர் உள்ளனர். மே, ஜூன் மாத ஞாயிறுகளில் ஜினாலய மண்டபத்தில் இருவர் இரண்டு மணி நேரம் அமர்ந்து, வரும் பிள்ளைகளின் பெயர், கணக்கு, சான்றுகள் ஆகியவற்றை ஒப்புநோக்கித் தரலாம். வருவோர் மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிப் புத்தகம், சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றின் மூலத்தையும் இரண்டு படிகளையும் கொண்டு வருதல் வேண்டும்.