ஓணானுக்கும் ஒரு எக்ஸெல் ஷீட்

எக்ஸெல் என்றால் வீட்டுக் கணக்கு எழுதத்தான் என்று நினைக்கிறீர்களா? மெல்போர்னில் என் வீட்டில் அது ஒரு பியர்டட் டிராகனைக் காத்து வருகிறது. ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் வாழும் இது, நம் ஊர் ஓணானின் குடும்பம்தான்.

நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் கூண்டு வேண்டும். ஒரு முனையில் வெப்ப விளக்கு. அதன் கீழுள்ள கல் 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கட்டும். மறுமுனை 25 டிகிரி இருந்தால் போதும். தெர்மாமீட்டர் காட்டிவிடும்.

சிக்கல் புற ஊதா டியூப்பில்தான். யு.வி.பி. கதிர் பட்டால்தான் அதன் தோலில் வைட்டமின் டி3 உருவாகும். இல்லையேல் எலும்பு வளைந்துவிடும். (ஜன்னல் வெயில் உதவாது, கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும்.) டியூப் பழசானால் இக்கதிர் குறையும், ஆனால் வெளிச்சம் அப்படியேதான் தெரியும். எரிகிறதே என்று இரண்டு ஆண்டுகள் நான் மாற்றவில்லை. டிராகனின் கால்கள் நடுங்கிய பிறகுதான், டியூப்பின் வயதை மருத்துவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

எக்ஸெல்லைத் திறந்து, ஏ2 செல்லில் விளக்கின் பெயரையும் பி2-வில் மாட்டிய தேதியையும் தாருங்கள். சி2-வில் சமக் குறியிட்டு பி2+365 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். மாற்ற வேண்டிய தேதி கிடைக்கும். டியூப் பெட்டியில் ஆறு மாதம் என்றிருந்தால் 180 போடுங்கள். தேதிக்குப் பதில் ஐந்து இலக்க எண் வந்தால் பயம் வேண்டாம். எக்ஸெல் தேதிகளை 1900 முதல் நாள் கணக்காகவே வைத்திருக்கிறது. கண்ட்ரோல் கீயுடன் 1 அழுத்தி, டேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

பிரிண்ட் எடுத்துக் கூண்டில் ஒட்டிவிடுங்கள். பைலைத் திறந்து பார்க்க நாம் மறந்துவிடுவோம்.