தேரி மணலும் பைக் சைலன்சரும்

உடன்குடி பக்கத்துத் தேரி மணல்ல இல்மனைட்தான் அதிகம், மோனசைட் கொஞ்சம்தான். மோனசைட்டுக்குப் பேர்போன இடம் மணவாளக்குறிச்சி. அதிலுள்ள அருமண் தனிமங்களில் ஏறக்குறைய பாதி சீரியம்.

பெரும்பாலான அருமண் அயனிகள் +3 மின்சுமையோடு நின்றுவிடும். சீரியமோ +3, +4 என்று சுலபமாக மாறும். அதனால் சீரியம் ஆக்சைடு, ஆக்சிஜன் மிகுந்தால் பிடித்து வைக்கும், குறைந்தால் விட்டுக்கொடுக்கும். நம்ம பைக் சைலன்சரில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில், பிளாட்டினம் வகை உலோகங்களுக்குத் துணையாக நின்று கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக்க உதவுவது இந்தக் குணம்தான். துகளை 5 நானோமீட்டர் அளவுக்குச் சிறிதாக்கினால் கணிசமான அணுக்கள் மேற்பரப்புக்கு வந்துவிடும். ஆக்சிஜன் போய்வர வழி இன்னும் எளிது.

ஆனா மோனசைட்டில் தோரியமும் சேர்ந்தே வருது. கதிரியக்கம் உள்ளது, சீரியத்தைப் பிரிச்சாலும் அதைப் பத்திரமா வச்சுக் காக்கணும். லேப்ல சீரியம் நைட்ரேட் பாட்டிலைத் திறக்கும்போது இது யாருக்கும் தோணுறதில்ல.