சிவப்பு விளக்கு சொன்ன பாடம்

எங்கள் வாப்பா வேன் ஓட்டுபவர். அந்த வருமானத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. என் படிப்பும் நடக்கிறது. சென்ற விடுமுறையில் ஒரு நாள் மாவனல்லையிலிருந்து கண்டிக்குப் போகையில் நான் முன் ஆசனத்தில் இருந்தேன். கடுகண்ணாவை ஏற்றத்தின் வளைவுகளில் வேன் திரும்பும்போதெல்லாம் சாரதிக்கு முன்னாலுள்ள பலகையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. எண்ணெய்க் குவளை போன்ற உருவம். அதன் மூக்கில் ஒரு துளி. பாதையில் கண்வைத்திருந்த வாப்பா அதைக் கவனிக்கவில்லை. நான் கண்டேன். 'வாகன விடயம் எனக்கு எதற்கு?' என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் எஞ்சினிலிருந்து சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழுந்தது. சிறிது தூரத்தில் வேன் நின்றுவிட்டது. கராஜில் எஞ்சினைக் கழற்றிய பாஸ், கறுத்துக் கீறல் விழுந்த இரண்டு உலோகத் தகடுகளை வாப்பாவின் கையில் வைத்தார்.

"ஒயில் குறைஞ்சு ஓடியிருக்கு நானா. பெயாரிங் போய்ட்டுது."

திருத்தி எடுக்க மூன்று வாரங்கள் சென்றன. உம்மாவின் காப்புகள் அடகுக்குப் போயின. அதன் பின்னரே அந்த விளக்கு என்ன சொன்னது என்று தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எண்ணெயின் வேலை

எஞ்சினுள் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு நிமிடத்திற்கு 2000, 3000 தடவைகள் சுழல்கிறது. உள்ளங்கைகளை வேகமாகத் தேய்த்துப் பாருங்கள், சூடேறும். உலோகத்தோடு உலோகம் அந்த வேகத்தில் உரசினால் உருகி ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுப்பதே எண்ணெயின் முதல் வேலை. அத்துடன் அது வெப்பத்தைச் சுமந்து செல்கிறது, கரியையும் உலோகத் துகள்களையும் வடிகட்டிக்குக் கொண்டுபோகிறது, துருப்பிடிக்காமலும் காக்கிறது.

எண்ணெய் வழுக்கச் செய்வதோடு நின்றுவிடுவதில்லை என்பதை ஒரு பரிசோதனை காட்டியது. 1883 இல் இங்கிலாந்தின் பொறியியலாளர் பீச்சம் டவர், புகையிரத அச்சின் பெயாரிங்கில் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை இட்டார். அச்சு சுழன்றபோது அத்துளை வழியாக எண்ணெய் வெளியே பொங்கியது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதுவும் நிற்கவில்லை! அமுக்கமானியைப் பொருத்தியபோதுதான், பாரத்தையே தாங்கும் அளவு அமுக்கம் எண்ணெயில் உண்டாவது தெரிந்தது. 1886 இல் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் இதைக் கணிதத்தால் விளக்கினார். சுழலும் தண்டு எண்ணெயைத் தன்னோடு இழுத்து, ஒடுங்கிய இடைவெளிக்குள் செலுத்துகிறது. நெருக்கப்பட்ட எண்ணெய் தண்டைத் தாங்குகிறது. தலைமயிரை விட மெல்லிய ஒரு படலத்தின் மேல் அந்தத் தண்டு மிதக்கிறது.

விளக்கு ஏன் எரிந்தது?

அடியிலுள்ள தொட்டியிலிருந்து ஒரு பம்பி எண்ணெயை உறிஞ்சி எல்லா இடங்களுக்கும் அனுப்புகிறது. எண்ணெய் குறைந்திருந்தால், வளைவில் அது ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பம்பி காற்றை உறிஞ்சும், அமுக்கம் விழும், விளக்கு எரியும். நேர் பாதைக்கு வந்ததும் அணையும். அணைந்தது என்று நாம் ஆறுதல் அடைகிறோம். ஆனால் ஒவ்வொரு முறையும் படலம் அறுந்து உலோகம் உரசக்கூடும்.

போத்தலில் உள்ள எண்கள்

எண்ணெய்ப் போத்தலில் '10டபிள்யூ-30' போன்ற குறியீடு இருக்கும். 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. முதல் எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதையும், இரண்டாவது எண் 100 பாகை செல்சியஸில் அதன் பிசுக்குமையையும் குறிக்கின்றன. எண் கூடினால் தடிப்பும் கூடும். தடித்ததே நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. வாகனக் கைநூல் சொல்வதே சரியானது.

நாம் செய்யக்கூடியவை

சமதரையில் வாகனத்தை நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் பொறுங்கள். அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்து, மீண்டும் முழுதாகச் செருகி எடுங்கள். எண்ணெய் இரண்டு அடையாளங்களுக்கும் இடையில் இருக்க வேண்டும். ஓடும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். 'வீடு வரைக்கும் போய்விடலாம்' என்ற எண்ணம் வேண்டாம். கழித்த எண்ணெயைக் கானில் ஊற்றாதீர்கள். அது நீரையும் மண்ணையும் கெடுக்கும்.

பெற்றோரே, இவற்றை ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் கற்றுக்கொடுத்தால் போதாது. தோழியரே, நாமும் "எனக்கெதற்கு?" என்று இருந்துவிட வேண்டாம். கையிலுள்ள வாகனம் ஓர் அமானிதம். அதில் பயணிக்கும் உயிர்கள் அதைவிடப் பெரிய அமானிதம்.

இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அளவுக் கம்பி என் கையில். "மகள், ஒயில் எப்படி?" என்று வாப்பா கேட்பார். "சரியாக இருக்கு வாப்பா" என்பேன். அல்ஹம்துலில்லாஹ், அந்தச் சிவப்பு விளக்கு பிறகு எரியவில்லை.